மாசிக் கடைசி: வடகடல் நண்டுவலையா, தென்கடல் தூண்டிலா?

தேவிபட்டினம் ஃபைபர்:
இங்க வடகடல்ல (பாக் விரிகுடா) வாடைக்காத்து இறங்கிருச்சு, ஆனா தண்ணி இன்னும் கலங்கல்தான். ரெண்டரைப் பாகத்துல (ஒரு பாகம்னா சுமார் 6 அடி ஆழம்) நண்டுவலை போடுறோம். விடியக்காலம் தூக்கினா வலை முழுக்கக் கடற்புல், தரையோட படுத்துக் கெடக்கு. பாதி நண்டைச் சங்கு தின்னு வெறும் ஓடுதான் வருது. ஈயம் கூட்டிப் பார்த்தும் சரியாகல. பங்குனிக்கும் இங்கேயே போடலாமா, இல்ல தென்கடல்ல (மன்னார் வளைகுடா) கீழக்கரைப் பக்கம் விளமீன் தூண்டிலுக்கு மாறலாமா? விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

மோர்ப்பண்ணை வலைக்காரன்:
தம்பி, மொதல்ல கூட்டின ஈயத்தைக் கழட்டுங்க. வடகடல் தரை சேறு. ஈயம் கூடுனா அடிக்கயிறு புதையும், வலை இன்னும் படுக்கும். கூட்ட வேண்டியது மேல்கயித்து மிதவையை, அதுவும் கொஞ்சமாத்தான்.

அடுத்தது திதி. அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னப் பின்ன நீவாடு (கடல் நீரோட்டம்) இழுக்கும். வாடையில பிடுங்கின புல்லெல்லாம் தரையோட உருண்டு வந்து வலைக் கண்ணியை அடைக்கும். அட்டமியை ஒட்டி ஏத்தவத்தம் (தண்ணி ஏறி இறங்குறது) கம்மி, வலை நிக்கும். இழுப்பு நாள்ல போட்டே ஆகணும்னா நீவாட்டுக்குக் குறுக்க விடாதீங்க, அதோட போக்குலயே நீளமா விடுங்க. நண்டு கொஞ்சம் குறையும், வலை மிஞ்சும்.

சங்கு தின்னுறது வலை கெடக்குற நேரத்தால. பொழுது சாயப் போட்டு விடியுமுன்ன தூக்கிருங்க. புல்லை ஈரத்தோட பிய்க்காதீங்க, கண்ணி அறுந்துரும். நெழல்ல காயவிட்டா கையில கசக்கவே உதிரும்.

சினை நண்டு வந்தா வயித்தடியைப் பாருங்க. முட்டை மஞ்சளா இருந்தா இன்னும் நாள் இருக்கு, கறுத்திருந்தா பொரிக்கப் போகுது. எதுவா இருந்தாலும் காலை ஒடிக்காம கண்ணியை அறுத்துக் கடல்ல விட்டுருங்க. அடுத்த வருசத்து நண்டு அதுதான்.

விசைப்படகு போற திங்கள், புதன், சனி ராத்திரி கரையை ஒட்டியே போடுங்க. கரையை ஒட்டி அவங்க வலை இழுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆனா இருட்டுல அறுந்த வலைக்கு யார்கிட்ட போய்க் கேக்குறது?

கீழக்கரைத் தூண்டில்:
விளமீனுக்கு இப்போ நல்ல பருவம். தீவுகளுக்கு வெளிய, பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஓரத்துல 6லேருந்து 10 பாகம். 0.60 மி.மீ தங்கூஸ் (நைலான் நரம்பு), சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வாய் உள்ள தூண்டில் முள், 100 கிராம் ஈயம். ஈயத்தை மெல்லிசான தங்கூஸ்ல தனியாக் கட்டுங்க. பார்ல மாட்டினா ஈயம் மட்டும் போகும், முள்ளும் மீனும் மேல வந்துரும். இரைக்குக் கணவாயை விரல் நீளத்துக்குக் கீத்தா வெட்டுங்க. மொதல்ல டொக்கு டொக்குன்னு தட்டும், அப்ப இழுக்கக் கூடாது. கனமா இழுத்துக்கிட்டுப் போறப்பதான் வெட்டி இழுக்கணும்.

நங்கூரத்தைப் பவளப்பார் மேல போடவே போடாதீங்க, பக்கத்து மணல்ல போட்டுக் கயித்தை நீட்டுங்க. 21 தீவும் 1986லேருந்து தேசியப் பூங்கா, அதுக்குள்ள தூண்டில் வேண்டாம்.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம். மார்ச்லேருந்து மே வரைக்கும் கள்ளக்கடல் (சொல்லாம வர்ற நெடுந்தூர அலை) வரும். காத்தே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், எங்கேயோ தெக்குப் பெருங்கடல்ல கெளம்பின அலை நீளமா வந்து பார்ல ஒடையும். இன்காய்ஸ் (கடல் நிலையைச் சொல்ற மத்திய அரசு மையம்) முன்னறிவிப்புல அலை உயரத்தை மட்டும் பார்த்துட்டுக் கெளம்பாதீங்க. அலைக்கும் அலைக்கும் நடுவுல 15 வினாடிக்கு மேல காட்டினா 1 மீட்டர் அலைகூடப் பார் ஓரத்துல படகைக் கவுத்துரும். வடகடலுக்கு அந்தத் தொல்லை இல்ல.

மண்டபம் கரை:
கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன தூண்டில் கணக்கு சரி, ஆனா தம்பி நண்டுவலையை விட்டுட்டுப் போக வேண்டாம். பங்குனி ஒரு மாசம்தான் ரெண்டு கடல்லயும் காத்து அடங்கியிருக்கும். வைகாசியில கச்சான் (தென்மேற்குக் காத்து) பிடிச்சா தென்கடல்ல சின்னப் படகு தங்காது, அப்போ வடகடல்தான் சோறு போடும். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை வேற, வலை அறுபடுற பயமும் இல்ல.

தேவிபட்டினம் ஃபைபர்:
நன்றிண்ணே. தென்கடலுக்குப் போற நாள்ல எத்தனை மணிக்குத் திரும்பணும்?

கீழக்கரைத் தூண்டில்:
விடியுமுன்ன தரைக்காத்துல போயிருங்க. 11 மணி வாக்குல கடல்காத்து தெக்கேருந்து ஏறும். 10 மணிக்கு நங்கூரத்தைத் தூக்கிருங்க, மீன் கடிச்சாலும்.