நாடகக் காமெடி நடிகரிடம் என்ன கேட்பது? ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன்

கடைசிவரிசை:
எங்கள் குடியிருப்பில் வருடத்துக்கு ஒரு மலர் போடுவோம். இந்த முறை பேட்டி வேலை என் தலையில் விழுந்தது. பக்கத்து பிளாக்கில் 78 வயதுப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சபா நாடகங்களில் சமையல்காரர், தபால்காரர், கடன் கேட்க வருகிறவர் என்று முப்பது வருடம் காமெடி வேடம் கட்டியவர். போன வாரம் போய், "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்றேன். நாற்பது நிமிடம் ஜோக்காகவே கொட்டினார். எல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. நான் எங்கே சிரிப்பேன் என்று தெரிந்து, சரியாக அங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் கையில் இருப்பது துணுக்குகள்தான், ஆளைக் காணோம்.

‘சிரிக்க வைத்தவரின் சோகம்’ என்று எழுதச் சொல்கிறாள் மனைவி. அந்த மாதிரிக் கட்டுரை என்றாலே எனக்கு அலர்ஜி. தவிர, மனிதர் சோகமாகவும் இல்லை. சாயங்காலம் கேரம் ஆடுகிறார், அசந்தால் காயை நகர்த்தி ஏமாற்றவும் செய்கிறார். என்ன கேட்கலாம், சொல்லுங்கள்.

பழைய நிருபன்:
‘அனுபவம்’ என்று கேட்டதுதான் தப்பு. பெரிய கேள்விக்கு மனப்பாடப் பதில்தான் வரும். சின்னதாகக் கேளுங்கள். கிரேஸி மோகன் நாடகங்களில் கதாநாயகி பெரும்பாலும் ஜானகிதான். ஏன் ஜானகி என்று கேட்டபோது, சின்ன வயதில் தன்னை மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் என்றார் மோகன். ஒரு பெயரைத் தொட்டதும் பள்ளிக்கூடமே வந்துவிட்டது, பாருங்கள்.

1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் தருமியாக வரும் நாகேஷ், சிவாஜியைக் கேள்வி கேட்பாரே, நம் ஊரின் சிறந்த பேட்டி என்று அதைத்தான் சொல்வேன். கேள்விகள் பெரும்பாலும் ஓரிரு சொல்தான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். நம்மால் அதுதான் முடிவதில்லை.

சைடுவிங்:
சபாவில் பிராம்ப்ட் பண்ணியவன் (மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவன்) என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். எதிரே நின்றவர் யார் என்று கேளுங்கள். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்தை ஒருமுறை நாகேஷைப் பார்க்காமல், பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். சத்தமெல்லாம் நாகேஷுடையது, பயம் முழுக்கப் பாலையாவுடையது. நமக்குச் சிரிப்பு வருவது அந்தப் பயத்தால். காமெடியனைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது ஆளை விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், மைக். அப்போது மேலே இருந்து தொங்கும், வசனம் பேச அதற்கு அடியில் வந்து நின்றாக வேண்டும். ஓடிவரும் வேலைக்காரன் எத்தனை அடியில் அங்கே வந்து சேர்வான்? அதைக் கேளுங்கள். உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல மாட்டார்.

கடைசிவரிசை:
போய் வந்தேன். "கடன்காரனா வரும்போது எதிர்ல யார் சார்?" என்றேன். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். பத்து வருடம் அவருக்கு வீட்டுக்காரராக நடித்த நண்பரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த நண்பர் வசனம் மறந்தால் துண்டை உதறுவாராம். உதறலைக் கண்டதும் இவர் கடன் தொகையை ஏற்றிச் சொல்வாராம், அவருக்கு யோசிக்க நேரம் கிடைக்க. ஒரு நாள் ஐந்நூறு ரூபாய்க் கடன் எட்டாயிரம் வரை போய்விட்டதாம்.

மைக் பற்றிக் கேட்டதும் எழுந்துவிட்டார். சைடுவிங் சார், நீங்கள் சொன்னபடியே! என் தோளில் துண்டைப் போட்டு நடு ஹாலில் நிறுத்தினார். சமையலறைக்குள் போய், ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். ஏழு அடி. ஏழாவது அடியில் மின்விசிறிக்கு நேர் கீழே நின்று, வாயைத் திறக்காமல் என்னையே பார்த்தார். நான் துண்டை உதறிவிட்டேன். ஏன் உதறினேன் என்று தெரியவில்லை. அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

போனில் பதிவானது ஏழு செருப்புச் சத்தமும், அப்புறம் என் சிரிப்பும் அவர் சிரிப்பும்தான். மலரில் எனக்குக் கொடுத்திருப்பது ஒன்றரைப் பக்கம். முதல் பாராவில் செருப்பை வைக்கவா, எட்டாயிரத்தை வைக்கவா?