தம்பியின் டீ அட்டை

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். தம்பிக்கு 29 வயது, டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே வரும் மரபணு மாற்றம், அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும்). எப்போதும் படுத்தே கிடப்பான், எடையும் ஏறிக்கொண்டே போனது. "அவன் சுபாவம் அப்படி" என்று விட்டுவிட்டோம். காட்டிய டாக்டரும் அதையேதான் சொன்னார்.

போன வருடம் இவனைப் போன்றவர்களுக்கென்றே நடந்த உடல்நல முகாமில் ஒரு நர்ஸம்மா கேட்டார்: "கடைசியா எப்ப தைராய்டு பார்த்தீங்க?" பார்த்ததே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைபாடு அதிகம் வரும், வருடா வருடம் ரத்தம் பார்க்க வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ரத்தம் பார்த்ததில் டிஎஸ்ஹெச் எக்கச்சக்கமாக இருந்தது; அது ஏறினால் தைராய்டு போதுமான அளவு சுரக்கவில்லை என்று அர்த்தமாம். மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில், காலையில் தானே எழுந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். சோம்பேறி என்று அவனைத் திட்டியதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

எடை மட்டும் குறையவில்லை. வீட்டில் சர்க்கரையைக் குறைத்தும் பலனில்லை. ஒருநாள் அவன் பின்னாலேயே நடந்தேன். மார்க்கெட் போகிற வழியில் மூன்று டீக்கடை, ஒரு பேக்கரி. "வாடா தங்கம்" என்று ஆளாளுக்கு ஒரு டீ, கையில் ஒரு வர்க்கி (எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்). காசு வாங்குவதில்லை. அத்தனையும் பாசம், யாரைக் குறை சொல்ல? கடை கடையாகப் போய்ப் பேசினேன். பேக்கரி அண்ணன் முகம் வாடிவிட்டது. "அவன் வந்து நின்னா எப்படிம்மா இல்லன்னு சொல்றது?"

அவன் சாப்பாட்டைப் பற்றி அதுவரை எல்லாரும் அம்மாவிடம்தான் பேசினோம். முகாமில் சொன்னபடி அவனிடமே பேசினேன். ஓர் அட்டையில் இரண்டு டீ டம்ளரும் ஒரு வர்க்கியும் வரைந்து கொடுத்தேன். குடித்ததும் பேனாவால் அடித்துவிட வேண்டும். எல்லாம் அடித்தானதும் அட்டையை நீட்டி, "முடிஞ்சுதுண்ணா" என்கிறான். அவனே சொல்கிறான்! நாலு மாதத்தில் 5 கிலோ குறைந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுக் கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மா எழுதியது:

அக்கா, என் பொண்ணுக்கு 17 வயசு. கூப்பிட்டா திரும்ப மாட்டா, பிடிவாதம்னு நினைச்சோம். காது முழுக்கக் குரும்பி அடைச்சிருந்தது. எடுத்த அன்னிக்கு குக்கர் விசில் கேட்டு ஓடி வந்தா. பல் டாக்டர் கிட்ட முதல் தடவை நாற்காலியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்துட்டோம், மூணாவது தடவைதான் வாயைத் திறந்தா. நிராமயா காப்பீடு போட்டிருக்கீங்களா? இவங்களை மாதிரி அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடு. வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் உண்டு, வெளிநோயாளிச் செலவும் பல் செலவும் அதுல வரும். அந்த அட்டையை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க அக்கா. இவளுக்கு வர்க்கி இடத்துல மிக்சர் வரையணும்.