பால் ஊற்றின தேத்தண்ணி

குழு: அப்பாயி வீடு

செவ்வாய், மாலை 5:40

அத்தை: அம்மாவிடமிருந்து யாருக்காவது போன் வந்ததா? நான் மதியத்திலிருந்து அடிக்கிறேன். ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது.

அப்பா: எனக்கும் அதேதான். நேற்று ராத்திரி பேசியது. கரண்ட் இல்லை, சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொன்னது.

பெரியப்பா: காலை 9 மணிக்கு அம்மா போனிலிருந்து இங்கே ஒரு வாய்ஸ் வந்ததே, கேட்டீர்களா? நாலு செகண்ட்தான். அம்மா குரல் இல்லை. ஏதோ சின்னப் பிள்ளை, "ஆஜி, மழை" என்கிற மாதிரி இருக்கிறது. யார் அது?

நான்: பூரணமாக இருக்கும் பெரியப்பா. தீபாவளிக்குப் போனபோது அப்பாயி அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தது.

பெரியப்பா: எந்தப் பூரணம்? நம் எஸ்டேட் லைன் வீடுகளில் அப்படி யாரும் இல்லையே.

நான்: தெரியவில்லை. முறுக்கு டப்பாவில் பாதியை எடுத்து வைத்துவிட்டு, "இது பூரணத்துக்கு" என்றது. கூடத் தேயிலை பறிக்கப் போன பழைய தோழி யாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன்: பக்கத்து வீட்டுக்காரர்கள் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?

பெரியப்பா: பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் சொல்லு. நம் ஆட்கள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கியாயிற்று. இப்போது அந்த லைனில் பாதி வீடு ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள். கதவைச் சாத்தியே வை என்று போன வருஷமே அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தை: அண்ணே, இங்கே குன்னூரில் விடாமல் பெய்கிறது. கோத்தகிரி ரோட்டில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. குஞ்சப்பனை பக்கமும் மண் சரிந்திருக்கிறதாம்.

அப்பா: 2009 மாதிரியா?

அத்தை: அந்த அளவு இல்லை. அந்த நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் போனார்கள். ஆனால் நம் லைனுக்குப் பின்னால் இருக்கிற மேட்டை நினைத்தால்தான் வயிறு பிசைகிறது.

அப்பா: கலெக்டர் ஆபீஸ் பேரிடர் நம்பர் 1077க்கு அடித்து லைன் இருக்கிற இடத்தைச் சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டார்கள்.

பெரியப்பா: தீபாவளிக்கே கையோடு கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பை எல்லாம் கட்டி வைத்தேன். வரமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிட்டது. கோபத்தில் நானும் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மாமா: மச்சான், மனசைப் போட்டு அலட்டாதீர்கள். விடியட்டும், நான் கிளம்புகிறேன். வண்டி போகிற வரைக்கும் வண்டி, அதற்கு மேல் நடை.

புதன்

மாமா (காலை 5:50): கிளம்பிவிட்டேன்.

அத்தை (காலை 8:15): கட்டபெட்டு வரை போய்விட்டாராம். அதற்கு மேல் டவர் இல்லை.

பெரியப்பா (காலை 9:02): ஏதாவது தெரிந்ததா?

பெரியப்பா (காலை 9:40): யாராவது பதில் போடுங்களேன்.

மாமா (காலை 11:25): அத்தை நலம். ஒரு கீறல்கூட இல்லை. லைனில் எல்லாரும் நலம். ஸ்கூலில் இருக்கிறார்கள். டவர் ஒரு கோடுதான் காட்டுகிறது, பிறகு எழுதுகிறேன்.

அப்பா: முருகா.

அத்தை: எனக்குக் கை நடுங்குகிறது. அண்ணே, பார்த்தீர்களா? அம்மா நலம்.

பெரியப்பா: பார்த்தேன் பாப்பா. மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மாமா (மதியம் 2:10): இப்போது விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டியைக் கட்டபெட்டில் விட்டுவிட்டு நடந்தேன். எஸ்டேட் ரோட்டில் நம் லைன் தெரிகிற வளைவு வந்ததும் நின்று பார்த்தேன். கடைசி மூன்று வீட்டின் சமையலறை மேல் மண் கிடக்கிறது. அத்தை வீடு அதில் நடு வீடு. ஓடு உடைந்து, சுவர் உள்ளே சாய்ந்து, அந்தப் பச்சைக் கதவு மட்டும் நிற்கிறது. எனக்கு அதற்கு மேல் கால் வரவில்லை. பால் கேன் தூக்கிக்கொண்டு வந்தவர்தான், "ஸ்கூலுக்குப் போங்க, எல்லாரும் அங்கேதான்" என்றார்.

வகுப்பறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அத்தை உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் நாலு வயதுப் பையன் ஒருவன் தூங்குகிறான். பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை, பன்னிரண்டு வயது இருக்கும், முழங்கால் வரை செம்மண், அத்தையின் கம்பளியில் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். என்னைக் கண்டதும் அத்தை முதலில் கேட்டது, "மாப்பிள்ளை, சாப்பிட்டீங்களா?"

அந்தப் பிள்ளைதான் பூரணம். உண்மையான பெயர் பூனம். ஜார்கண்டில் கும்லா பக்கம். அத்தை வாயில் அது பூரணம் ஆகிவிட்டது. அவள் அம்மாவுக்குத் திங்கட்கிழமை வலி எடுத்து, அப்பா குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ரோடு அடைத்ததால் திரும்ப முடியவில்லை. பிள்ளைகள் இரண்டும் அத்தையிடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. நம் யாரிடமும் சொல்லவில்லை.

ராத்திரி இரண்டு மணி இருக்குமாம். மழை அடித்துக்கொண்டே இருக்கிறது, ஆனால் பின்னால் ஓடுகிற கானில் தண்ணீர்ச் சத்தம் குறைந்துவிட்டது. அத்தைக்கு அந்த அமைதிதான் முழிப்புக் கொடுத்தது. மழை குறையாமல் கான் சத்தம் மட்டும் குறைந்தால் மேலே எங்கேயோ மண் அடைக்கிறது என்று அர்த்தம். பூரணத்தை எழுப்பி, டார்ச்சைக் கொடுத்து, பின் கதவிலிருந்து அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். "தண்ணி என்ன நிறம்?"

"சாயத்தண்ணி, ஆஜி."

கால் மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்கச் சொன்னார்களாம். இந்தத் தடவை அவள் சொன்னது, "ஆஜி, பால் ஊத்தின தேத்தண்ணி."

அத்தை உடனே எழுந்துவிட்டார்கள். செருப்புகூடப் போடவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பூரணம் தோளைப் பிடித்துக்கொண்டு, பதினாலு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார்கள். தமிழ் வீட்டில் அத்தை சத்தம் போட, மற்ற வீட்டில் பூரணம் சத்தம் போட. ஒரு வீட்டில் வரமாட்டோம் என்றவர்களைப் பூரணம் கையைப் பிடித்து இழுத்தே வந்திருக்கிறாள். நாலு மணிக்கு மேடு இறங்கியது. வீட்டில் ஆள் இல்லை.

அத்தை (குன்னூர்): படித்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறேன்.

நான்: மாமா, அந்தப் பிள்ளைக்கு இவ்வளவு தமிழ் எப்படி?

மாமா: அத்தையே சொல்கிறார்கள். ஜீப் பேட்டரியில் போனுக்குச் சார்ஜ் போட்டாயிற்று. இதோ.

அப்பாயி: குரல் பதிவு, 3:48

அண்ணன்: நான் வேலையில் இருக்கிறேன், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன். ராத்திரி வரை என்னால் காத்திருக்க முடியாது.

நான்: எழுதுகிறேன் அண்ணா. அப்பாயி சொன்னபடியே போடுகிறேன்.

"எல்லாரும் பயந்து போனீங்களாமே. நான் நல்லா இருக்கிறேன். வீடு போனதைப் பற்றி அழாதீங்க, பாத்திரம் நாலு போச்சு, அவ்வளவுதான். தாத்தா போட்டோவைப் பூரணம் எடுத்துக்கிட்டு வந்துட்டா. நான் சொல்லவே இல்லை, அவளாக எடுத்தா.

இவள் ஜூன் மாசம் வந்தவள். குழாயடியில் குடத்தை வச்சுக்கிட்டு நிற்பாள், யாரும் இடம் விட மாட்டார்கள். ஸ்கூல் பையன்கள் 'ஏய் இந்தி' என்று கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்க மாட்டாள், குடத்தையே பார்த்துக்கிட்டு நிற்பாள். அந்த நிற்பு எனக்குத் தெரியும். 1970ல் எனக்கு 13 வயசு. சிலோனில் ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி, அதான் ரயில், நகர்ந்தபோது மேடை முழுக்க ஒரே அழுகை. போகிறவர்களும் அழுகை, நிற்கிறவர்களும் அழுகை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் ஒரு கடையில் போய், 'தேத்தண்ணி தாங்க' என்றேன். கடைக்காரர் சிரிச்சார். பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இந்த மலைக்கு வந்த பிறகும் எனக்குப் பெயரே இல்லை, 'சிலோன்காரி' என்றுதான். எங்களை இங்கே அனுப்ப சாஸ்திரியும் சிறிமாவோ அம்மாவும் 1964ல் கையெழுத்துப் போட்டார்கள், நாங்கள் மூட்டை கட்டினோம். தமிழ் பேசுகிற எனக்கே இந்தக் கதி. இவளுக்கு அதுவும் தெரியாது.

ஒரு நாள் வீட்டுக்குள் கூப்பிட்டு டம்ளரைக் கையில் கொடுத்தேன். 'தேத்தண்ணி' என்றேன். 'தேத்தண்ணி' என்றாள். ஐம்பது வருஷத்தில் அந்த வார்த்தையைச் சிரிக்காமல் சொன்ன முதல் வெளி ஆள் அவள்தான்.

அப்புறம் தினமும் வந்தாள். பால் இல்லாத நாளில் சாயத்தண்ணி, இருக்கிற நாளில் பால் ஊத்தினது. நிறம் எல்லாம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் என் அரிசியில் கல் பொறுக்குவாள். பச்சை அட்டை மாத்திரை காலையில், சிவப்பு அட்டை ராத்திரி, மறக்காமல் எடுத்துக் கொடுப்பாள். ஆஜி என்று கூப்பிட்டதை நான் ஆச்சி என்று நினைத்தேன். அவள் ஊரில் பாட்டிக்கே அதுதான் பெயராம்.

பெரியவனே, நீ சாத்தச் சொன்ன கதவை நான் திறந்துதான் வச்சிருந்தேன். கோபப்படாதே சாமி."

அண்ணன்: படிக்கட்டில் நின்று படித்தேன். நன்றி பாப்பா.

அப்பா: அம்மா மண்டபம் கதையை என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. கப்பலில் வந்தோம் என்பதோடு நிறுத்திவிடும்.

அத்தை: என்னிடமும் இல்லை.

புதன், இரவு 10:50

பெரியப்பா: மதியத்திலிருந்து எழுதி எழுதி அழிக்கிறேன்.

தீபாவளிக்கு அம்மா வாசலில் உட்கார்ந்தபோது ஒரு பிள்ளை வந்து எட்டிப் பார்த்தது. "என்ன வேணும், போ" என்று நான்தான் விரட்டினேன். கையில் சின்னத் தூக்குப் போணி இருந்தது. அம்மாவுக்குத்தான் ஏதோ கொண்டுவந்திருக்கிறாள் என்று இப்போது புரிகிறது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை.

செக்கிங் மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற பையன் ராஞ்சிக்காரன். எட்டு மாதமாக ஒரே மேசை. பெயர் கேட்டதில்லை. இன்று டீ இடைவேளையில் கேட்டேன். கும்லாவிலிருந்து எப்படி வருவார்கள் என்றும் கேட்டேன். ராஞ்சியில் ஆலப்புழா ரயில் பிடித்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்து, கோயம்புத்தூரில் இறங்குவார்களாம். முதல் தடவை வந்தபோது அவனுக்கு 17 வயசாம்.

அம்மா, கோபம் இல்லை. நீ எழுந்து வந்தாயே, அது போதும்.

அப்பா: அண்ணே, படுங்கள். காலையில் பேசலாம்.

வியாழன்

அத்தை (காலை 10:20): ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தேன். கஞ்சியும் பூண்டுத் துவையலும் கொண்டுபோனேன். பெண் குழந்தை! தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். லைனில் மண் விழுந்ததை யாரோ சொல்லி, அந்த மனுஷன் செவ்வாய் ராத்திரியிலிருந்து... இல்லை, நேற்றுக் காலையிலிருந்து வராந்தாவில் நின்றபடியே இருந்தாராம். எங்கள் போனில் பூனத்தைப் பேச வைத்தேன். தம்பி குரலையும் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தார். குழந்தை போட்டோ அம்மா போனுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அப்பாயி: குரல் பதிவு, 0:09

நான்: பூனம் சிரிக்கிற சத்தம் மட்டும்தான் இருக்கிறது. பின்னால் அப்பாயி, "மூக்கு எப்படி இருக்கு, சொல்லு, மூக்கு எப்படி இருக்கு" என்று கேட்கிறது.

அப்பா: அம்மாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு இங்கே கோயம்புத்தூரில் விசாரித்துவிட்டேன். ஒரு கண் முடித்து, கொஞ்ச நாள் விட்டு அடுத்த கண். உடனே வரச் சொன்னால், பூரணத்துக்கு அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் என்கிறது. அவளுக்குத் தமிழ்ப் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்க வேறு ஆள் இல்லையாம்.

மாமா: லைனில் ரோட்டோர வீடு ஒன்று காலி. மேட்டுக்குத் தள்ளி, ஓடு நல்லா இருக்கிறது. கேட்டாயிற்று, கொடுக்கிறார்கள். நானும் நாலு பேரும் சேர்ந்து இன்று கழுவிவிட்டோம். அத்தை வீட்டுப் பச்சைக் கதவைக் கழற்றி எடுத்துவிட்டார்கள் ஜார்கண்ட் பையன்கள். இங்கே மாட்டப்போகிறார்களாம்.

வெள்ளி

அத்தை (மாலை 4:30): குஞ்சப்பனை ரோடு திறந்துவிட்டார்கள். மேட்டுப்பாளையம் பஸ் ஓடுகிறது.

பெரியப்பா: நாளை விடிகாலையில் ஏறுகிறேன். கம்பெனியில் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு என்ன அளவு? அம்மா, பக்கத்தில் யாராவது இருந்தால் பார்த்துச் சொல்லச் சொல்லு.

அப்பாயி: எனக்கு 30. தம்பி 24. ஆஜிக்கு கை நிளம் வேனும். பாப்பாக்கு சின்னது சின்னது

பெரியப்பா: இதை யார் எழுதியது?

அப்பாயி: நான்

பெரியப்பா: பூரணமா?

அப்பாயி: பூரணம் ஆஜி மட்டும் சொல்லும். நீங்க பூனம் சொல்லுங்க

பெரியப்பா: சரி பூனம். பத்து மணிக்குள் வந்துவிடுவேன்.

அப்பாயி: பால் இருக்கு. வாங்க