டெவன் உயிர்வேலிச் சாலைகளில் 80 கிமீ: 11-28 கேசட், 25 மிமீ டயர் போதுமா?

ஒற்றைத்தடம்:

வணக்கம். மே கடைசியில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் கிரெடிட்டன், செரிட்டன் ஃபிட்ஸ்பெயின், பிக்லி, டிவர்ட்டன் வழியாகச் சின்னச் சாலைகளிலேயே 80 கிமீ சுற்றிவரத் திட்டம். செயலி மொத்த ஏற்றம் 1,400 மீட்டர் என்று காட்டுகிறது.

அலுமினிய ரோடு சைக்கிள், ரிம் பிரேக். முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 28 பல் வரை 11 பல்சக்கரம் கொண்ட கேசட் (11 ஸ்பீடு). டயர் 25 மிமீ, டியூப் போட்டது. சைக்கிள், ஆள், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ. சமவெளியில் இதற்கு எந்தக் குறையும் இல்லை.

கேட்க வேண்டியவை மூன்று. 20% ஏற்றத்துக்கு இந்தக் கியர் தாங்குமா? இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மண்கரையும் உயிர்வேலியும் இருக்கும்போது இறக்கத்தில் எந்த வேகம் சரி? வேலி முள்ளுக்கு டயரை மாற்ற வேண்டுமா?

பல்சக்கரம்:

கியரை மாற்றிவிட்டுப் போங்கள். கணக்கைப் பாருங்கள்: 34/28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 9.2 கிமீ. 85 கிலோவை 20% சரிவில் அந்த வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய 415 வாட் வேண்டும். 34/34 கியரில் அதே 60 சுற்றுக்கு 7.6 கிமீ, 345 வாட். சுற்றை 50-க்கு இறக்கினால் 285 வாட்டில் முடிந்துவிடும். ஒரு நாளில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு ஏற்றம் வரும். முதல் மூன்றை எந்தக் கியரிலும் ஏறிவிடலாம், கடைசி மூன்றுக்குத்தான் பெரிய பல்சக்கரம் வேண்டும்.

"எழுந்து நின்று மிதித்தால் போகிறது" என்று இந்தச் சாலைகளில் சொல்ல முடியாது. மரநிழலில் பாசி பிடித்த தார், மேலே நீரோடு இறங்கிய மணல். எழுந்து நின்றால் உடல் எடை முன்னால் போய்விடும், பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். உட்கார்ந்தபடியே ஏற வேண்டும், அதற்குச் சின்னக் கியர் வேண்டும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது பின் டிரெய்லியர், அதாவது செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் கருவி. அதன் இரண்டு உருளைகளைத் தாங்கும் கைதான் கூண்டு. உதாரணத்துக்கு ஷிமானோ 105 ஆர்7000-இல் குட்டைக் கூண்டு 30 பல் வரைதான், நீளக் கூண்டு 34 வரை. 50/34, 11-34 சேர்க்கைக்கு மொத்தக் கொள்ளளவு (முன், பின் பல் வித்தியாசங்களின் கூட்டல்) 16+23=39, நீளக் கூண்டின் எல்லையும் சரியாக அதுதான். ஷிமானோவின் எச்ஜி700, எச்ஜி800 வகை 11-34 கேசட்டை 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் (சக்கர மையத்தில்) போட்டால் பின்னால் 1.85 மிமீ வளையம் வைக்க வேண்டும். அதை மறந்தால் பூட்டுவளையத்தை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடும்.

பழைய செயினை அப்படியே போடாதீர்கள். பெரிய முன்சக்கரம், பெரிய பின்சக்கரம் இரண்டிலும் டிரெய்லியர் வழியாக விடாமல் செயினைச் சுற்றி, சந்திக்கும் இடத்துக்கு மேல் ஒரு ஜோடிக் கண்ணி விட்டு வெட்டுங்கள். செயின் குட்டையாக இருந்தால், அசதியில் பெரியது-பெரியதுக்கு மாற்றும் அந்த ஒரு நொடியில் டிரெய்லியரைச் சட்டத்தில் தாங்கும் கொக்கி பிய்ந்துவிடும். கடைசியாக, டிரெய்லியரின் இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்குரூ: மேல் உருளைக்கும் 34 பல்லுக்கும் நடுவே 5-6 மிமீ இடைவெளி.

மண்கரை:

இறக்கம் பற்றி. இங்கே விபத்துக்குக் காரணம் வேகம் மட்டும் இல்லை. தெரியும் தூரத்துக்குப் பொருந்தாத வேகம்.

இரட்டைத் தடச் சாலையில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிந்தால் போதும். 3 மீட்டர் அகல ஒற்றைத்தடத்தில் எதிரே வரும் காரும் அதே தடத்தில்தான் வருகிறது, அதனால் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நீங்கள் நின்றாக வேண்டும். 10% இறக்கம், காய்ந்த தார், சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் 40 கிமீ வேகத்திலிருந்து நிற்க சுமார் 32 மீட்டர் ஆகும், 30 கிமீ-யிலிருந்து 20 மீட்டர். வளைவில் 40 மீட்டர்தான் தெரிகிறது என்றால் 30 கிமீ-தான் உச்சம். நனைந்த ரிம்மில் பிரேக் பிடிக்க முதலில் தண்ணீரைத் துடைக்கவே ஒன்றிரண்டு சுற்று போகும். ஈரத்தில் அதே வளைவுக்கு 20 கிமீ.

இந்தச் சாலைகள் பலவற்றில் சட்டப்படி வேக வரம்பு மணிக்கு 60 மைல்தான். எதிரே வருபவர் மெதுவாக வருவார் என்று நம்பி வளைவில் இறங்காதீர்கள்.

இரண்டு சக்கரத் தடங்களுக்கு நடுவே புல்லோ பாசியோ சரளையோ ஒரு பட்டையாகக் கிடக்கும். ஓட்ட வேண்டியது இடது சக்கரத் தடத்தில். இடது வளைவில் வேலி பார்வையை மறைக்கும், அப்போது நடுப்பக்கம் நகர்ந்தால் கூடுதலாகத் தெரியும், உங்களையும் முன்கூட்டியே பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பட்டையைக் கடப்பது வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது, பிரேக்கை விட்டுவிட்டு. சாய்ந்த நிலையில் சரளையைக் கடந்தால் முன்சக்கரம் போய்விடும், அதைத் திரும்பப் பிடிக்க முடியாது. வலது வளைவில் இடது ஓரத்தை விடவே வேண்டாம்.

வேலியில் வயல்வாசல் இடைவெளி வரும் இடமெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். வளைவின் அந்தப் பக்கச் சாலையே சில நேரம் அதன் வழியே தெரியும். ஒதுங்கி நிற்கவும் அதுதான் இடம், ஆனால் வாசலில் எப்போதும் சேறும் கல்லும் கிடக்கும். காதில் எதையும் மாட்டாதீர்கள். டிராக்டர் சத்தம் வேலிக்கு அப்பாலிருந்து முதலிலேயே கேட்கும். மின்சாரக் கார் கேட்காது.

மே மாதம் என்பதால் இன்னொன்று: தீவனப்புல் முதல் வெட்டு அந்தச் சமயத்தில்தான். நல்ல வெயில் நாளில் டிராக்டரும் பெட்டியும் விடாமல் ஓடும். 2.55 மீட்டர் அகல டிராக்டர் 3 மீட்டர் சாலையில் வந்தால் உங்களுக்கு இடமே கிடையாது. ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் நில்லுங்கள், வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரெதிரே நில்லுங்கள், வண்டி அதில் ஒதுங்கிக்கொள்ளும். ஏறி வரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிடுவது முறை. குதிரை வந்தால் தூரத்திலேயே குரல் கொடுங்கள், மனிதக் குரலுக்குக் குதிரை மிரள்வது குறைவு. ஓசையில்லாமல் பின்னாலிருந்து கடப்பதுதான் ஆபத்து.

முள்வாங்கி:

டயருக்கு நான். வேலியில் பிளாக்தார்ன், ஹாதார்ன் என்ற முள்செடிகள் இரண்டும் உண்டு, இரண்டும் டயரைத் துளைக்கும். இங்கிலாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, சில விலக்குகள் தவிர, வயல்வேலி வெட்டத் தடை. அதனால் முள் கொட்டிக் கிடக்கும் காலம் செப்டம்பருக்குப் பிறகு. மே-யில் மழை கழுவி இறக்கிய கல் துணுக்குதான் பெரிய எதிரி.

பிரேக்குக்குள் இடம் இருந்தால் 28 மிமீ, பஞ்சர் காப்புப் பட்டை உள்ள டயர். 85 கிலோவுக்குப் பின்னால் 72 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முன்னால் 68. ஈரத்தில் இரண்டிலும் 4 குறையுங்கள். 25 மிமீ டயரில் 100 பிஎஸ்ஐ காற்று அடித்து ஓட்டினால் ஒட்டுப்போட்ட தாரில் குதிக்கும், குதிக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை.

முள் பஞ்சரில் எல்லோரும் செய்யும் தவறு, டியூபை மட்டும் மாற்றுவது. முள் நுனி உடைந்து டயருக்குள்ளேயே நிற்கும், வெளியே தெரியாது. டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, வால்வை அடையாளமாக வைத்து டயரில் அதே இடத்தைத் துணியால் உள்ளே தடவுங்கள். துணி சிக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளி எடுங்கள். இல்லையென்றால் ஒரே கிலோமீட்டரில் அடுத்த டியூபும் போகும். டியூப் இரண்டு, ஒட்டுப்பெட்டி, டயர் கிழிசலுக்கு உள்ளே வைக்க ஒரு துண்டுப் பழைய டயர்.

ஒற்றைத்தடம்:

மிக்க நன்றி. டிரெய்லியர் குட்டைக் கூண்டுதான், மாற்றிவிடுகிறேன். பிரேக்குக்குள் 28 நுழைகிறது, மேலே 4 மிமீ இடைவெளி. வழியைச் செயலியை நம்பியே போகலாமா? பிரேக் கட்டையும் மாற்ற வேண்டுமா?

பல்சக்கரம்:

செயலியை முழுசா நம்ப வேண்டாம். தார் போடாத பாதையையும் சின்னச் சாலை என்று எடுத்துக்கொள்ளும். வழியை பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தில் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். மெல்லிய மஞ்சள் கோடு 4 மீட்டருக்குக் குறைந்த அகலம். வெள்ளைச் சாலை என்றால் தார் இருக்கும் என்றோ, போக உரிமை இருக்கும் என்றோ உறுதி இல்லை. சாலைமேல் ஒற்றை அம்புக்குறி என்றால் சரிவு 14 முதல் 20% வரை, இரட்டை என்றால் அதற்கும் மேல். இரட்டை அம்புக்குறியை ஏற்றமாக வைத்து வழியைத் திருப்பிப் போடுங்கள். அதை இறக்கமாக எடுக்காதீர்கள், ரிம் பிரேக் என்பதால் சொல்கிறேன். பிக்லியில் ஏ396-ஐச் சந்திக்கும் இடம் மட்டும் போக்குவரத்து அதிகம், பாலமும் குறுகல்.

பள்ளத்தாக்குகளில் சிக்னல் போய்விடலாம். வழிக்கோப்பை முன்பே இறக்கிவையுங்கள்.

மண்கரை:

பிரேக் கட்டை பற்றி: ஈரத்துக்கென்று வரும் சால்மன் நிறக் கட்டை போடுங்கள். கிரெடிட்டன் பக்கத்துச் செம்மண் நனைந்தால் மணல்தாள் மாதிரி ரிம்மை அரிக்கும். மழை பெய்தால் அன்று மாலையே கட்டையைக் கழற்றி, அதில் பதிந்த மணலையும் அலுமினியத் துணுக்கையும் ஊசியால் கிளறி எடுத்துவிட்டு ரிம்மைத் துடையுங்கள். பகலிலும் முன்பின் விளக்கு எரியட்டும். வெயிலிலிருந்து மரநிழலுக்குள் நுழையும் ஓட்டுநருக்கு முதல் சில நொடி எதுவும் தெரியாது.