இரட்டைப் பேரக்குழந்தைகளுக்கு ஒட்டுத்துணி குவில்ட்: எந்த டிசைன் எளிது?

தண்டையார்பேட்டை பாட்டி கேட்டது:

வணக்கம். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள், பேரன் ஒன்று, பேத்தி ஒன்று. மூணாம் மாசம் முடிஞ்சு மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு குவில்ட் (துண்டுத்துணி இணைச்ச மேல்துணி, நடு அடுக்கு, பின் துணி மூணையும் சேர்த்துத் தைக்கிற விரிப்பு) தைச்சுக் கொடுத்தனுப்பணும். கையில் எட்டு வாரம் இருக்கு. பிளவுஸ், பாவாடை, தலையணை உறை எல்லாம் நல்லா வரும். குவில்ட் இதுதான் முதல் தடவை. கால்மிதி கறுப்பு மெஷின், நேர்த்தையல் மட்டும்தான்.

ரெண்டும் ஒரே ஜோடியா இருக்கணும், ஆனா எது யாருடையதுன்னு பார்த்த உடனே தெரியணும். நீலம், ரோஸ்னு பிரிக்க மனசில்லை. எந்த டிசைன் எடுக்கலாம்? எத்தனை மீட்டர் துணி? நம்ம ஊர் வெக்கைக்கு நடுவில் பஞ்சு வைக்கணுமா?

---

கால் இஞ்ச் பதில்:

வாழ்த்துகள் அம்மா. முதல் குவில்ட்டுக்கு முக்கோணம், நட்சத்திரம், பூ ஒட்டுறது எதுவும் வேண்டாம். முக்கோணத்தில் ஒரு பக்கம் கிராஸா, அதாவது இழைக்குச் சாய்வா வெட்டுப்படும். அந்தப் பக்கம் கை பட்டாலே இழுத்துக்கும், தைச்சு முடிக்கும்போது கட்டம் கோணும். சதுரங்கக் கட்டம் எடுங்க. நிறம், வெள்ளை, நிறம், வெள்ளைன்னு மாறி மாறி 7க்கு 7, மொத்தம் 49 கட்டம். ரெண்டு குழந்தைக்கு இது அவ்வளவு பொருத்தம், ஏன்னா ஒரே வெட்டில் ரெண்டு குவில்ட்டும் வந்துடும், ஒரு கட்டம்கூட மிஞ்சாது.

கட்டம் கட்டமா வெட்டாதீங்க. பட்டையா வெட்டித் தைச்சு, அதைக் குறுக்கே வெட்டணும். 44 பன்னா (அதாவது 44 இஞ்ச் அகல) துணியில், துவைச்சு இஸ்திரி போட்ட பிறகு, பன்னா வாட்டத்தில் 5½ இஞ்ச் அகலப் பட்டை: வெள்ளையில் 7, நிறத்தில் 7. நிறம் ஏழும் ஏழு விதமா இருந்தாலும் சரி. இந்தப் பதினாலையும் ரெண்டு செட்டா நீளவாக்கில் இணைங்க.

செட் அ: நிறம், வெள்ளை, நிறம், வெள்ளை, நிறம், வெள்ளை, நிறம்.
செட் ஆ: வெள்ளை, நிறம், வெள்ளை, நிறம், வெள்ளை, நிறம், வெள்ளை.

ஒவ்வொரு செட்டையும் குறுக்கே 5½ இஞ்சுக்கு ஒரு வெட்டா 7 துண்டு போடுங்க. அதுக்கு 38½ இஞ்ச் நீளம் போதும், பட்டை நீளம் ஏறக்குறைய 42 இருக்கும். இப்ப அ வரிசை 7, ஆ வரிசை 7 கையில் இருக்கு. முதல் குவில்ட்டுக்கு அ, ஆ, அ, ஆ, அ, ஆ, அ. ரெண்டாவதுக்கு ஆ, அ, ஆ, அ, ஆ, அ, ஆ. ஒன்னுல நாலு மூலையும் நிறம், இன்னொன்னுல நாலு மூலையும் வெள்ளை. மடிச்சு வச்சிருந்தாலும் மூலையைப் பார்த்தாலே யாருடையதுன்னு தெரிஞ்சுடும். நீங்க கேட்டது அதுதானே. ஏழு விதத் துணி போட்டா, அ வரிசையில் ஒன்னு விட்டு ஒன்னை இடம் வலமாத் திருப்பி வையுங்க, ஆ வரிசையையும் அப்படியே. இல்லைன்னா ஒரே நிறம் மேலிருந்து கீழே ஒரே நேரா நிக்கும். ஆ வரிசையின் நடு நிறம் மட்டும் திருப்பினாலும் அப்படித்தான் நிக்கும்.

தைச்ச பிறகு கட்டம் 5 இஞ்ச், மொத்தம் 35 இஞ்ச் சதுரம்.

எல்லாத் தையலுக்கும் கால் இஞ்ச்தான் விடணும். பிளவுஸ் தைக்கிற கைக்கு இதுதான் கஷ்டம், ஏன்னா பிளவுஸ்ல தாராளமா விட்டுப் பழகியிருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் அரை நூல், அதாவது 1/16 இஞ்ச் கூடுதலாப் பிடிச்சாலும், ரெண்டு பக்கமும் சேர்ந்து 1/8 போகும். ஆறு இணைப்பில் முக்கால் இஞ்ச் காணாமப் போகும். எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி போனாப் பரவாயில்லை, ஒன்னுல போய் ஒன்னுல போகாம இருந்தாத்தான் மூலை சேராது. பிரஷர் ஃபுட் ஓரத்தை நம்பாதீங்க. ஊசியை இறக்கி, ஊசியிலிருந்து சரியா கால் இஞ்ச் தள்ளி மெஷின் தட்டில் பிளாஸ்திரி டேப் ரெண்டு மூணு அடுக்கு ஒட்டுங்க. துணி ஓரம் அதில் இடிச்சுக்கிட்டே போகணும். தேவையில்லாத துணியில் மூணு பட்டையை இணைச்சு நடுப்பட்டையை அளந்து பாருங்க, 5 இஞ்ச் வந்த பிறகு நல்ல துணியைத் தொடுங்க.

பட்டைகளை இணைக்கும்போது ஒரு தையல் மேலிருந்து ஆரம்பிச்சா அடுத்த தையல் கீழிருந்து. எல்லாம் ஒரே பக்கமிருந்து போனா செட் முழுசும் வில் மாதிரி வளையும். இஸ்திரி போடும்போது தையல் விளிம்பை எப்பவும் நிறத் துணிப் பக்கமே மடக்குங்க. அப்படிச் செஞ்சா வெள்ளை வழியா நிற விளிம்பு தெரியாது. முக்கியமா, அ வரிசையும் ஆ வரிசையும் சேரும் இடத்தில் விளிம்புகள் எதிரெதிராப் படுத்து ஒன்னுக்குள்ள ஒன்னு பூட்டிக்கும். விரலால் தடவினாலே மூலை சேர்ந்தது தெரியும், அங்க ஒரு குண்டூசி குத்தித் தையுங்க.

துணிக் கணக்கு ரெண்டுக்கும் சேர்த்து: வெள்ளை 1¼ மீட்டர், நிறம் 1¼ மீட்டர் (ஏழு விதம்னா ஒவ்வொன்னும் 20 செ.மீ.), பின் துணி 2¼ மீட்டர், ஓரப்பட்டைக்கு 60 செ.மீ. எல்லாம் 44 பன்னா, சுருங்குறதுக்கும் சேர்த்துச் சொன்னது. 36 பன்னாதான் கிடைச்சா இந்தக் கணக்கு ஒத்துவராது. பட்டையை 4¾ ஆக்கினா ஏழு வெட்டு அடங்கும், ஆனா குவில்ட் 30 இஞ்சுக்குச் சுருங்கிடும்.

---

எம்.சி. ரோடு காட்டன் பதில்:

டிசைன் பற்றி மேலே சொன்னதே சரி. துணி பற்றி நான் சொல்கிறேன்.

மேல் துணிக்குக் கேம்பிரிக் (நெருக்கமாக நெய்த காட்டன்) எடுங்கள். மல் மெத்தென்று இருக்கும், ஆனால் முதல் தடவை வெட்டுகிறவர் கையில் நிற்காது. மல்லும் பாப்ளினும் கலக்கவும் வேண்டாம். கனமான துணி பக்கத்திலுள்ள மெல்லிய துணியைத் தையலோரம் இழுத்து, நாளடைவில் அங்கே கிழியும். மல் வேண்டுமானால் பின்புறத்துக்கு வையுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலேயே பார்க்கலாம். பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த வியாபாரம் அதிகம், 20 செ.மீ. கேட்டால் வெட்டித் தருவார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பிளவுஸ் பிட் வாங்கினால் பன்னாவை அளந்து பார்த்து வாங்குங்கள். காட்டன் என்று சொல்லும் ரூபியா பிளவுஸ் துணியில் பாலியஸ்டர் கலந்ததும் உண்டு. ஓரத்தில் ஒரு இழை உருவிக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் காட்டன். உருகி, கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். அது வியர்வையை உறிஞ்சாது, குழந்தைக்கு ஆகாது.

சாயம் போகுமா என்று பார்க்க, ஒவ்வொரு நிறத்திலும் சின்னத் துண்டு வெட்டி வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணி மேல் வைத்து ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியைத் தனியாக நாலு தடவை அலசி மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறினால் விட்டுவிடுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள், தயாரான துணியில் அது வேலை செய்யாது. கருஞ்சிவப்பு, கருநீலம், கலம்காரி மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு காலத்தில் மெட்ராஸ் செக்ஸ் துணியை, துவைக்கத் துவைக்க நிறம் கலங்கும் என்பதையே சிறப்பாகச் சொல்லி அமெரிக்காவில் விற்றார்கள். சட்டைக்கு அது அழகு, வெள்ளைக் கட்டத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். பிறகு சோற்றுக்கஞ்சியை நன்றாக வடிகட்டி, மெல்லிசாகக் கரைத்து எல்லாவற்றுக்கும் போட்டு, அரை ஈரத்தில் இஸ்திரி போடுங்கள். துணி அட்டை மாதிரி நிற்கும், மல்கூட நழுவாது. தைத்து முடித்ததும் அலசிக் கஞ்சியைப் போக்கிவிடுங்கள். கஞ்சியோடு பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கும்.

நடுவில் பஞ்சு வேண்டாம். கடலோரக் காற்றில், ஐப்பசி மழையில், பஞ்சு வைத்த குவில்ட் ஒரு நாளில் காயாது. உள்ளே ஈரம் நின்று வாடை வரும். குழந்தைத் துணியைத் தினமும் அலச வேண்டியிருக்கும் என்பதையும் நினையுங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நாலு முழ வேட்டி ஒன்று போதும். நீளம் 76 இஞ்சாவது இருக்கிறதா என்று அளந்து, பாதியாக வெட்டி, கரையை நீக்கி, குவில்ட்டுக்கு ஓர் அடுக்காக வையுங்கள். சுருங்க வேண்டியதெல்லாம் அதில் ஏற்கெனவே சுருங்கியிருக்கும்.

---

ராயபுரம் நூல்கண்டு பதில்:

பாட்டிம்மா, தையலுக்கு முன்னாடி ஒண்ணு. இதைத் தரையில் விரிச்சுக் குழந்தையைப் போட, மடியில் வச்சுக்க, விழிச்சிருக்கும்போது கவிழ்த்துப் போட்டுப் பழக்கத்தான் வச்சுக்கணும். தூங்கும்போது மேல போர்த்தக்கூடாது, தூளிக்குள்ளயும் போடக்கூடாது. ஒரு வயசு வரைக்கும் தூங்குற இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, குவில்ட் எதுவும் வேண்டாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ல் புதுப்பிச்ச அறிவுரையிலும் இருக்கு. துணி முகத்தில் விழுந்தா இந்த வயசுக் குழந்தையால் விலக்க முடியாது. மகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் கொடுக்கும்போதே சொல்லிடுங்க.

பொத்தான், மணி, குஞ்சலம், லேஸ், சரிகை வேண்டாம். பின்பக்கம் நூல் முனை தொங்கக்கூடாது, சின்ன விரலில் சுத்திக்கிட்டா ரத்த ஓட்டம் நின்னு போகும். பிறந்த குழந்தைக்கு 8 முதல் 12 இஞ்ச் தூரம்தான் தெளிவாத் தெரியும், அதுவும் வெள்ளைக்குப் பக்கத்தில் அடர் நிறம் இருந்தா நல்லாப் பார்க்கும். அதனால ஏழு நிறத்தில் ரெண்டு மூணாவது அழுத்தமா எடுங்க. கறுப்பு வேண்டாம்னு வீட்ல சொன்னா சாயம் போகாத கருநீலம் போதும்.

---

பட்டை வேலி பதில்:

சதுரங்கத்தில் மூலை சேர்க்கணுமேன்னு பயமா இருந்தா இன்னொரு வழி சொல்றேன். மூணு நிறத்தில் 2½ இஞ்ச் பட்டை வெட்டி, மூணையும் இணைச்சா 6½ அகலம் வரும். அதை 6½க்கு ஒரு வெட்டு போட்டா சதுரம். ஒண்ணு நிக்கிற மாதிரி, அடுத்தது படுத்த மாதிரி மாத்தி மாத்தி வச்சு 6க்கு 6 தைச்சா 36 இஞ்ச். உள் தையல்கள் பக்கத்துக் கட்டத்தின் நடுத்தையலோட சேர வேண்டியதே இல்லை, அதனால கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் கண்ணுக்குப் படாது. ஒரு செட்டில் 6 கட்டம் வரும், ரெண்டு குவில்ட்டுக்கு 12 செட். நிறத்துக்கு 1 மீட்டர்னு மூணு மீட்டர் ஆகும். ஆனா யாருடையதுன்னு பிரிச்சுக் காட்ட ஓரப்பட்டையை வேற நிறத்தில்தான் போடணும்.

---

தண்டையார்பேட்டை பாட்டி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சதுரங்கமே எடுக்கிறேன், மூலையில் நிறம் வர்றது பேத்திக்கு, வெள்ளை வர்றது பேரனுக்கு. இன்னும் ரெண்டு சந்தேகம். மூணு அடுக்கையும் சேர்த்துத் தைச்சா இந்த மெஷினில் பின் துணி சுருக்கு விழுமே, என்ன செய்யறது? ஓரப்பட்டைக்குக் கிராஸ் பீஸ் வெட்டணுமா?

---

கால் இஞ்ச்:

நேர் ஓரத்துக்குக் கிராஸ் தேவையில்லை அம்மா. மூலையை வளைச்சா மட்டும்தான் கிராஸ். 2¼ இஞ்ச் பட்டை பன்னா வாட்டத்தில் குவில்ட்டுக்கு 4, மொத்தம் 8. சுத்தளவு 142 இஞ்ச், நாலையும் இணைச்சா 160 கிட்ட வரும். நீளவாக்கில் ரெண்டா மடிச்சு இஸ்திரி போட்டு, முன்பக்கம் கால் இஞ்சில் தைச்சு, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். மூலைக்கு வரும்போது கால் இஞ்ச் முன்னாடியே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கி மடிச்சு, திரும்பக் கீழே மடிச்சு, அடுத்த பக்கத்தை ஓரத்திலிருந்தே ஆரம்பிங்க. கடைசி வரைக்கும் தைச்சுட்டா மூலை மொத்தையா நிக்கும். உறை மாதிரி உள்பக்கம் தைச்சுத் திருப்பினா ஓரப்பட்டையே வேண்டாம்தான், ஆனா துவைக்கும்போது முதல்ல தேயுறது ஓரம்தான். பட்டை போட்டா அங்க துணி ரெட்டையா நிக்கும், பின்னாடி மாத்தவும் முடியும். நான் பட்டையைத்தான் சொல்வேன்.

சுருக்குக்குக் காரணம், கீழ்த்துணியை மெஷின் பல் இழுக்கும், மேல்துணியை ஃபுட் தடுக்கும். ஃபுட் அழுத்தத் திருகை மேலே ரெண்டு சுத்து தளர்த்துங்க. தையலை இஞ்சுக்கு 8 ஆக்குங்க, கட்டம் இணைக்கும்போது 10, 12 இருந்தது இங்க ஒத்துவராது. ஊசி 14 நம்பர் புதுசு. பின் துணியை 40 இஞ்ச் சதுரமா வெட்டி, தரையில் நல்ல பக்கம் கீழே வச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி இழுத்து நிறுத்துங்க. அது மேல வேட்டி, அது மேல கட்டத் துணி. நடுக்கட்டத்திலிருந்து வெளியே தடவிக்கிட்டே கட்டத்துக்கு ஒரு ஊக்கு.

இணைப்புத் தையலிலிருந்து கால் இஞ்ச் தள்ளி நேர்க்கோடு, நீளவாக்கில் 6, குறுக்கே 6. இணைப்புத் தையல் பள்ளத்திலேயே போடப் பார்க்காதீங்க, கொஞ்சம் வழுக்கினாலும் கோணல் பளிச்சுனு தெரியும். நடுக்கோடு முதல்ல, அப்புறம் வலது பாதி, அப்புறம் இடது பாதி. நீளவாக்குக் கோடு எல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கணும், ஒன்னு மேலிருந்து ஒன்னு கீழிருந்துன்னு போனா ரெண்டு கோட்டுக்கு நடுவில் துணி முறுக்கிக்கும். பட்டை இணைக்கும்போது சொன்னதுக்கு இது நேர் எதிர், மாத்திடாதீங்க. குறுக்குக் கோடு வந்து சந்திக்கிற இடத்தில் கைவிரலால் மேல்துணியை ஊசிப் பக்கம் தள்ளிக் கொடுங்க, அங்கதான் மடிப்பு விழும். விழுந்துட்டா அந்த ரெண்டு கட்டத்துத் தையலை மட்டும் பிரிச்சுத் திரும்பப் போட்டாப் போதும்.

ஊக்கை எண்ணிக் குத்துங்க. 49 போட்டா, அலசுறதுக்கு முன்னாடி 49 டப்பாவில் திரும்ப வந்திருக்கணும். ஒன்னு குறைஞ்சா காந்தத்தை எடுத்து ரெண்டு பக்கமும் தடவிப் பாருங்க.