ஆடிப்பெருக்கில் தொடங்கிய காவிரிப் பாடம்

திருச்சியில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் அறிவியல் சொல்லித்தருகிறேன். ஆற்றைத் தனிப்பாடமாக எடுத்தால் நீர்ச்சுழற்சிப் படத்தை வரைந்துவிட்டு அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். அதனால் இந்த முறை, ஆடி 18 அன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் காவிரி படிகளைத் தொட்டு ஓடுகிறதே, நம்ம ஊரில் மழையே இல்லாதபோது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"மேட்டூரில் திறந்துவிட்டாங்க சார்" என்றான் ஒருவன். சரிதான், ஆனால் மேட்டூர் அணை வந்தது 1934இல், ஆடிப்பெருக்கு அதற்கும் எவ்வளவோ முந்தியது. அப்புறம் வரைபடத்தை விரித்து, காவிரியில் சேரும் கபினி, ஹேமாவதி என்று ஒவ்வொன்றாக விரலால் மேலேறிப்போய், காவிரி பிறக்கும் குடகில் நின்றோம். நமக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். அங்கே தென்மேற்குப் பருவமழை ஆனி ஆடியிலேயே கொட்டுகிறது. வீட்டில் காப்பரிசி வைத்துக் கும்பிடுவது குடகு மழை வந்து சேர்ந்ததற்காக என்றதும் பிள்ளைகள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அடுத்த கேள்வி அவர்களிடமிருந்தே வந்தது. தலைக்காவிரியிலிருந்து அரபிக்கடல் நேர்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லை, பிறகு எதற்கு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கிழக்கே ஓடிப் பூம்புகாரில் சேருகிறது? ஈரமணலைக் குவித்து மேற்குப் பக்கம் செங்குத்தாகவும் கிழக்கே நீளமான சரிவாகவும் தட்டி, உச்சிக்குக் கொஞ்சம் கிழக்கே தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஊற்றும்போதே அகத்தியர் கமண்டலத்தைப் பிள்ளையார் காகமாக வந்து தட்டிவிட்ட கதையையும் சொன்னேன். உடனே ஒரு பெண், "காகம் கொஞ்சம் மேற்கே தள்ளி உட்கார்ந்திருந்தா தண்ணி கேரளாவுக்குப் போயிருக்கும்ல?" என்றாள். நீர்பிரிமேடு என்பதற்கு நான் இதைவிட நல்ல விளக்கம் கொடுக்க முடியாது. கதையைக் கதை என்றே சொல்ல வேண்டும், ஆனால் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

சார், நாங்கள் மைசூரில் இருக்கிறோம். பிள்ளைகளைப் பாகமண்டலா கூட்டிப்போயிருந்தோம். காவிரியும் கன்னிகேயும் கூடுகிற இடம் அது, மூன்றாவதாக சுஜ்யோதி என்ற ஆறு கண்ணுக்குத் தெரியாமல் நிலத்துக்குள் வந்து சேருவதாக நம்பிக்கை. என் மகன் அந்த மூன்றாவதைத் தேடிக்கொண்டே இருந்தான். நிலத்தடி நீரைப் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்குமா! மழை நின்ற பிறகும் ஓடையில் தண்ணீர் வருவது ஏன், காட்டு மண்ணும் புல்வெளியும் உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது எப்படி என்றெல்லாம் அங்கேயே உட்கார்ந்து பேசினோம். காட்டை வெட்டினால் சுஜ்யோதி செத்துப்போகும் இல்லையா அப்பா என்று அவனே கேட்டான்.

*

எனக்கு மயிலாடுதுறை. இங்கே ஐப்பசி முழுக்கத் துலா ஸ்நானம், கங்கையே வந்து காவிரியில் குளித்துத் தன் பாவத்தைப் போக்கிக்கொள்வதாகக் கதை. என் பேத்திக்கு ஒரே குழப்பம்: புத்தகத்தில் ஆறு கடலை நெருங்க நெருங்க அகலமாகும் என்று போட்டிருக்கிறது, நம்ம ஆறு ஏன் பாட்டி இங்கே வாய்க்கால் மாதிரி இருக்கு? முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவது, கல்லணையில் வெண்ணாறு பிரிவது, பிறகு குடமுருட்டி, அரசலாறு என்று தாளில் கோடு போட்டுக் காட்டினேன். வெள்ளம் பெரும்பாலும் கொள்ளிடத்தில் போய்விடும், மிச்சத்தை வயல்களுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வருவதால்தான் நம்மிடம் வரும்போது இளைத்துவிடுகிறது என்றேன். அடுத்த விடுமுறையில் பூம்புகார் முகத்துவாரத்தையும் பழையாறு பக்கம் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தையும் ஒரே நாளில் காட்டலாம் என்று இருக்கிறோம், இரண்டின் அகலத்தையும் அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.