டன்ஸ்டன்பரா கோட்டைல தலையில்லாத பிரபுவைத் தேடிப் போன கதை

எல்லாரும் பேய் அனுபவமா எழுதுறீங்க, என்னோடதுல பேய் இருக்கா இல்லையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இங்கிலாந்துல நார்தம்பர்லாந்து கடற்கரைல இருக்குற இடிஞ்ச கோட்டை இது. வாசல் வரைக்கும் கார் போகாது. கிராஸ்டர்ங்கிற மீன்பிடி ஊர்ல வண்டிய விட்டுட்டு கடல் ஓரமா புல்லுல ரெண்டு கிலோமீட்டர் நடக்கணும். கிளம்பும்போது புகை போட்ட மீன் வாசனை, அப்புறம் வழி பூரா ஆட்டுப் புழுக்கை, காத்து. அந்தக் காத்துல பக்கத்துல வர்ற வீட்டுக்காரர் பேசுறதே காதுல விழல.

கட்ட ஆரம்பிச்சது 1313ல, லங்காஸ்டர் பிரபு தாமஸ். ராஜா ரெண்டாம் எட்வர்டுக்கு சித்தப்பா பையன். ராஜாவுக்கு ரொம்ப நெருக்கமான கேவ்ஸ்டனை 1312ல தீர்த்துக்கட்டினதுல இவருக்கும் பங்கு, அந்தப் பயம்தான் அவ்ளோ பெரிய வாசல் கோபுரமா நிக்குதுன்னு எனக்குத் தோணுச்சு. கோட்டை கட்டியும் தப்பிக்கல, 1322ல தலைய வெட்டிட்டாங்க. ஒரே வெட்டுல விழலையாம், அதான் தலையக் கைல வெச்சுக்கிட்டு இங்க சுத்துறார்னு ஊர்க்கதை. வெட்டினது யார்க்‌ஷயர் பக்கம் பான்டிஃபிராக்ட்ல, அங்கிருந்து இவ்ளோ தூரம் ஏன் வந்தார்னு மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க!

உள்ள பாதி இடம் வெறும் புல்வெளிதான். லில்பர்ன் டவர் பக்கம் போனப்ப குழந்தைங்க கூட்டமா அழுற மாதிரி சத்தம், எனக்கு நெஞ்சு திக்குனு ஆயிடுச்சு. எட்டிப் பாத்தா கீழ கருப்புப் பாறை முழுக்க கிட்டிவேக் பறவைங்க, குஞ்சு பொரிக்கிற சீசன். சரின்னு எதிர்ப்பக்கம் வந்தா காலுக்குக் கீழ டொம்முனு இடிக்குது, அங்க பாறை இடுக்குல அலை புகுந்து அடிக்குமாம், அதுக்கு ரம்பிள் சர்ன்னு பேரே வெச்சிருக்காங்க. இவ்ளோதானான்னு சிரிச்சுட்டு வாசல் கோபுரத்துல சுத்துப் படி ஏறிட்டு இருந்தேன், பின்னாடி காலடிச் சத்தம், கனமான ஷூ போட்ட மாதிரி, சரி வீட்டுக்காரர்தான் வர்றார்னு அவருக்கு வழிவிட்டு சுவரோட ஒட்டி நின்னேன். சத்தம் நின்னுடுச்சு, யாரும் வரல. ஜன்னல் ஓட்டை வழியா பாத்தா மனுஷன் கீழ புல்லுல உக்காந்து சாண்ட்விச் சாப்ட்டுட்டு இருக்கார்.